கணினிக் கேள்வி பதில்: காலியான போர்ட்டை யார் தேர்ந்தெடுப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, மும்பை, நவி மும்பையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஏறத்தாழ ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. கடைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய சிறு மென்பொருள்களைத் தாமே எழுதிக் கொடுக்கும் நம்மவர்கள் இந்நகரில் கணிசமாக இருக்கிறார்கள் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்முறை பக்கம் முழுவதையும் போர்ட் எண்ணுக்கே, அதாவது ஒரு கணினியில் ஓடும் மென்பொருள்களில் எதற்குச் செய்தி போக வேண்டும் என்று காட்டும் எண்ணுக்கே, ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, தாராவி 90 அடி சாலைப் பக்கம் என் மாமா தோல் பை, பெல்ட் கடை வைத்திருக்கிறார். அவருக்காக சி ஷார்ப்பில் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பின்னணியில் ஒரு சிறிய சர்வர் ஓடும். பில் போடும் திரை பிரௌசரில் திறக்கும். எளிதில் நினைவில் நிற்கட்டும் என்று 54545 என்ற போர்ட் எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது இரண்டு மாதமாகச் சில காலைகளில் மட்டும் போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. எந்த போர்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணில் யாருமே இல்லை. கணினியை அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகிறது. சில நாள் ஆவதில்லை. எண்ணை மாற்றினால் போதுமா? எந்த எண் பாதுகாப்பானது?
– ஒரு வாசகர், சயான்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, நெட்ஸ்டாட்டில் அந்த எண்ணில் யாருமே இல்லை என்பதுதான். ஒரு போர்ட் கிடைக்காமல் போவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. திரையில் தெரியும் செய்தியை மட்டும் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறொரு மென்பொருள் அதே எண்ணைப் பிடித்து வைத்திருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் 10048 என்ற பிழை எண்ணைத் தரும். அங்கே யாரும் இல்லை, இருந்தும் அந்த எண்ணைத் திறக்க உங்கள் மென்பொருளுக்கு அனுமதி கிடையாது என்றால் 10013 வரும். ஆகவே கடிதம் கிடைத்த அன்றே பிழை எண் என்ன என்றும், இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கணினியில் புதிதாக எதையாவது நிறுவினீர்களா என்றும் கேட்டு எழுதினேன். பிழை எண் 10013 என்றும், பொறியியல் படிக்கும் மாமா மகன் பாடத்துக்காகக் கடைக் கணினியிலேயே, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து இயக்கும் டாக்கரை நிறுவியிருக்கிறான் என்றும் நீங்கள் மறுமொழி எழுதினீர்கள். மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம் என்பதால் ஒரு சனிக்கிழமை காலை நானே கடைக்கு வந்து பார்த்தேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில், பில் அச்சடிக்கும் சின்னப் பிரிண்டருக்கும் பக்கிள் பெட்டிகளுக்கும் நடுவே அந்தக் கணினி இருந்தது. கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, ‘நெட்ஷ் இன்ட் ஐபிவி4 ஷோ எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் டிசிபி’ என்று ஒலிக்கும் கட்டளையைக் கொடுத்தோம். இரண்டு பத்திகளில் எண்கள் வந்தன: தொடக்கம், முடிவு, தொடக்கம், முடிவு என்று நூறு நூறு எண்களாக ஒதுக்கப்பட்ட வரிசைகள். அவற்றுள் ஒன்று 54524-இல் தொடங்கி 54623-இல் முடிந்தது. உங்கள் 54545 அதற்குள் அகப்பட்டுக்கொண்டிருந்தது. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு அதே கட்டளையை மறுபடி கொடுத்தபோது வரிசைகள் இடம் மாறியிருந்தன, உங்கள் எண் விடுபட்டிருந்தது, மென்பொருளும் திறந்துகொண்டது.

நடந்தது இதுதான். டாக்கர் போன்றவை விண்டோஸில் இயங்க, மெய்நிகர் கணினி வசதியும் அதற்கான வலையமைப்புச் சேவையும் இயக்கப்படுகின்றன. அந்தச் சேவை, கணினி தொடங்கும்போதே, பின்னால் தனக்குத் தேவைப்படலாம் என்று போர்ட்டுகளைக் கட்டுக் கட்டாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஒதுக்கி வைத்த எண்களில் யாரும் காத்திருப்பதில்லை என்பதால் நெட்ஸ்டாட் அவற்றைக் காட்டாது. எந்தக் கட்டு ஒதுக்கப்படும் என்பது ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடும் என்பதால்தான் உங்களுக்குச் சில காலை நல்ல காலையாகவும் சில காலை கெட்ட காலையாகவும் அமைந்தன. தம்பி மீது கோபப்படாதீர்கள். அவன் டாக்கர் நிறுவாமல் இருந்திருந்தாலும் இந்தத் தொல்லை வேறொரு நாள் வேறொரு வடிவில் வந்திருக்கும். காரணம் 54545 என்ற எண் நிற்கும் இடம் அப்படி.

போர்ட் எண் 16 பிட் கொண்டது. எனவே 0 முதல் 65535 வரை மட்டுமே உண்டு. 2011-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6335 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதை மூன்று பகுதிகளாக வகுத்துச் சொல்கிறது. 0 முதல் 1023 வரை இணையத்தின் அடிப்படைச் சேவைகளுக்கு. 1024 முதல் 49151 வரை, பதிவு செய்துகொண்ட மென்பொருள்களுக்கு. 49152 முதல் 65535 வரை யாருக்கும் நிரந்தரமாகத் தரப்படாத, தற்காலிகப் பயன்பாட்டுக்கான பகுதி. நீங்கள் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கத்து சர்வருக்கு 443 என்ற எண் இருப்பதுபோல, உங்கள் பக்கத்திலும் ஒவ்வொரு தொடர்புக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணை இயங்குதளம் இந்தக் கடைசிப் பகுதியிலிருந்துதான் எடுத்துத் தருகிறது, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. விஸ்டாவுக்குப் பின் வந்த எல்லா விண்டோஸிலும் இதுவே வழக்கம். எனவே 54545-ஐ நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள நினைத்தது, வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய திண்ணையில் ஓர் இடத்தைத் தனக்கென்று எழுதி வைத்துக்கொண்டதற்குச் சமம். டாக்கர் இல்லாத கணினியிலும், உங்கள் மென்பொருள் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பு பிரௌசருக்கு அந்த எண் தற்செயலாகக் கிடைத்துவிட்டால் போதும். அன்றும் உங்களுக்குக் கதவு திறக்காது.

இனி, எந்த எண் பாதுகாப்பானது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் நிலையில் எந்த எண்ணையும் நீங்கள் தேர்ந்தெடுக்கவே கூடாது. சர்வரும் உங்களுடையது, பிரௌசரைத் திறந்துவிடுவதும் உங்கள் மென்பொருள்தான், இரண்டும் இருப்பது ஒரே கணினியில். அந்த எண்ணை வெளியாள் ஒருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இத்தகைய இடத்தில் போர்ட் எண் 0 என்று கேளுங்கள். 0 என்பது உண்மையான போர்ட் அல்ல. ‘காலியாக உள்ள ஏதாவது ஒன்றை நீயே கொடு’ என்று இயங்குதளத்திடம் சொல்லும் வேண்டுகோள். யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள், எந்தக் கட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற முழுக் கணக்கும் அதனிடம்தான் இருக்கிறது. நாம் வெளியிலிருந்து ஊகிப்பதைவிட அது சரியாகக் கொடுக்கும். சி ஷார்ப்பில் போர்ட்டைத் திறந்து காத்திருக்கும் டிசிபிலிஸனருக்கு, கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரியான 127.0.0.1-ஐயும் எண்ணாக 0-வையும் கொடுத்துத் தொடங்கிவிட்டு, லோக்கல்எண்ட்பாயின்ட் என்ற பண்பைப் படித்தால் கிடைத்த எண் தெரியும். சி ஷார்ப்பில் எழுதுவோருக்கான கெஸ்ட்ரல் என்ற ஆயத்த சர்வரைப் பயன்படுத்துவதாக இருந்தால் முகவரியை 127.0.0.1:0 என்றே எழுத வேண்டும். அதே முகவரியின் பெயரான லோக்கல்ஹோஸ்ட்டைப் போட்டு லோக்கல்ஹோஸ்ட்:0 என்று எழுதினால் அது ஏற்றுக்கொள்ளாது. பைத்தானிலும் ஜாவாவிலும் இதே வழி உண்டு.

வேலை நடக்கும் வரிசையில் கவனம் வேண்டும். முதலில் போர்ட்டைத் திறக்க வேண்டும்; திறந்ததை விடாமல் வைத்துக்கொண்டு அதன் எண்ணைக் கேட்க வேண்டும்; அந்த எண்ணைச் சேர்த்து முகவரியை அமைக்க வேண்டும்; அதன் பிறகுதான் பிரௌசரைத் திறக்க வேண்டும். பலர் காலியான எண்ணைத் ‘தேடுவதற்கு’ ஒரு தனிச் செயல்பாட்டை எழுதி, அதில் 0 கொடுத்து ஓர் எண்ணைப் பெற்று, உடனே மூடிவிட்டு, பிறகு அதே எண்ணை சர்வருக்குக் கொடுக்கிறார்கள். மூடியதற்கும் மறுபடி திறப்பதற்கும் இடையில் உள்ள நேரம் ஒரு நொடிக்கும் குறைவுதான்; அதற்குள் அந்த எண் வேறொருவர் கைக்குப் போய்விடலாம். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் செம்பூரில் ஒரு மொத்த வியாபாரிக்கு இரண்டு சிறு மென்பொருள்கள் எழுதிக் கொடுத்தேன். இரண்டிலும் இதே தேடும் செயல்பாடு இருந்தது. கணினி தொடங்கும்போது இரண்டும் ஒரே வேளையில் எழும். ஒன்று பார்த்து வைத்த எண்ணை மற்றொன்று எடுத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே வந்த அந்தப் பிழையைப் பிடிக்க எனக்கு அரை ஆண்டு ஆயிற்று. காலியா என்று பார்ப்பதையும் பிடிப்பதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்ததுதான் அங்கே நடந்த தவறு.

இந்த முறைக்கு மாறும்போது இரண்டு விஷயங்கள் உங்களுக்கு இடறக்கூடும். எண் தினமும் மாறும் என்பதால் மாமா பிரௌசரில் குறித்து வைத்த பழைய முகவரி இனி வேலை செய்யாது. மேசைத் திரையில் உள்ள ஐகானைச் சொடுக்கித்தான் திறக்க வேண்டும். இதைவிட முக்கியமானது மற்றொன்று. பிரௌசர் ஒரு தளத்தை அடையாளம் காண்பது நெறிமுறை, முகவரி, போர்ட் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான். லோக்கல் ஸ்டோரேஜ் எனப்படும் சேமிப்பிடமும் அந்த மூன்றின் பெயரிலேயே வைக்கப்படுகிறது. போர்ட் மாறினால் பிரௌசரின் கண்ணுக்கு அது வேறொரு தளம். நேற்று அரைகுறையாகப் போட்டு நிறுத்திய பில்லையோ, பிரிண்டர் அமைப்பையோ நீங்கள் அங்கே சேமித்து வைத்திருந்தால் இன்று காலை அது காணாமல் போயிருக்கும். அவற்றை சர்வர் பக்கத்தில் உள்ள கோப்பிலோ தரவுத்தளத்திலோ வையுங்கள்.

கடையில் ஐகானை இரண்டு மூன்று முறை சொடுக்கிவிடுவது வழக்கம். ஆகவே மென்பொருள் தொடங்கியதும், கிடைத்த எண்ணைப் பயனரின் லோக்கல்ஆப்டேட்டா அடைவில் ஒரு சிறு கோப்பாக எழுதி வையுங்கள். இரண்டாம் முறை தொடங்கும் நகல் அந்தக் கோப்பைப் படித்து, ஓடிக்கொண்டிருக்கும் முதல் நகலின் திரையையே திறந்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளட்டும். கோப்பில் உள்ள எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கணினி திடீரென்று அணைந்துபோயிருந்தால் பழைய எண் அங்கேயே கிடக்கும்; அந்த எண்ணில் இப்போது வேறு ஏதோ ஒரு மென்பொருள் இருக்கலாம். உங்கள் சர்வருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு திறப்பதே முறை.

புதிய பதிப்பு தயாராகும் வரை கடை நிற்கக் கூடாது அல்லவா? அதுவரைக்கும் 54545-ஐ எடுத்துவிட்டு 20000-க்கும் 30000-க்கும் இடையில் ஓர் எண்ணை வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் மூன்று கணினிகள். கவுண்டரில் இருப்பதில்தான் சர்வரும் தரவுத்தளமும் உள்ளன. குடோனில் உள்ள இரண்டும் அதைத் தேடி வர வேண்டும். இயங்குதளமே தினம் ஓர் எண்ணைக் கொடுத்தால் குடோன் கணினிகளுக்கு அது எப்படித் தெரியும்? எங்களுக்கு நிலையான எண் வேண்டாமா?
– ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: வேண்டும் அம்மா. மற்றொரு கணினி தேடி வர வேண்டிய இடத்தில் எண் நிலையாக இருக்கத்தான் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க நான் பின்பற்றும் வரம்பு 10000-க்கு மேல், 32768-க்குக் கீழ். மேல் எல்லைக்குக் காரணம், லினக்ஸ் தன் தற்காலிக எண்களை இயல்பாக 32768 முதல் 60999 வரை எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் 49152-இலிருந்து. இன்றைக்கு உங்களிடம் விண்டோஸ் மட்டும் இருந்தாலும் நாளை சர்வரை லினக்ஸுக்கு மாற்றினால் எண்ணை மாற்றத் தேவையிராது. கீழ் எல்லைக்குக் காரணம் நெரிசல். 1024-க்குக் கீழே உள்ள எண்ணைத் திறக்க லினக்ஸில் தனி அதிகாரம் வேண்டும். அதற்கு மேலே 1433-இல் எஸ்.க்யூ.எல். சர்வர், 3306-இல் மைஎஸ்க்யூஎல், 5432-இல் போஸ்ட்கிரஸ், 8080-இல் பழகுவதற்காக எழுதப்படும் பாதி உலகம், 9100-இல் நெட்வொர்க் பிரிண்டர்கள் என்று தெரிந்த முகங்கள் நிறைய. மேக் கணினியில் 5000-ஐத் தொட்டால் அங்கே படத்தையும் ஒலியையும் வேறு கருவிகளோடு பகிரும் ஏர்ப்ளே வசதி காத்திருக்கலாம். 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து இப்படி. இயல்பாக 5000-ஐயே எடுக்கும் ஃபிளாஸ்க் என்ற பைத்தான் கருவியைக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் பலர் முதல் நாளே இதில் முட்டிக்கொள்கிறார்கள்.

திரை பிரௌசரில் திறப்பதாக இருந்தால் இன்னொரு சங்கதியும் உண்டு. காலியாக இருந்தாலும் சில எண்களுக்குப் பிரௌசர்கள் தாமே போக மறுக்கும். 6000, 6665 முதல் 6669 வரை, 10080 ஆகியவை அப்பட்டியலில் உள்ளவை. சர்வர் சரியாக ஓடிக்கொண்டிருக்க, பக்கம் மட்டும் திறக்காமல், பாதுகாப்பற்ற போர்ட் என்ற அறிவிப்பு வந்தால் காரணம் இதுவே.

வரம்புக்குள் ஓர் எண்ணை எடுத்த பிறகு, போர்ட் எண்களைப் பதிவு செய்து தரும் அயானா அமைப்பு வெளியிட்டிருக்கும் பட்டியலில் அது வேறு யார் பெயரிலாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு கடையின் மூன்று கணினிகளிலும், சயான் வாசகருக்குச் சொன்ன அதே கட்டளையால், ஒதுக்கப்பட்ட கட்டுகளுக்குள் அது விழவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தற்காலிகப் பகுதியின் தொடக்கத்தையே 1024-க்கு இறக்கி வைத்திருக்கும் விண்டோஸ் கணினிகளும் உண்டு, அங்கே 20000-உம் பத்திரம் இல்லை. அப்படிப்பட்ட கணினியில், அதே நெட்ஷ் கட்டளையின் ‘ஆட்’ வடிவத்தால் உங்கள் எண் ஒன்றை மட்டும் நிர்வாகியின் பெயரில் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். அதன் பிறகு இயங்குதளம் அதைத் தற்செயலாக யாருக்கும் தராது. எண்ணைச் சொல்லிக் கேட்கும் உங்கள் மென்பொருளுக்குக் கிடைக்கும்.

எண்ணை நிரலுக்குள் எழுதாமல் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒரு கடையில், ஏதோ ஒரு கணினியில், அந்த எண் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். அப்போது உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நிரலைத் திருத்தி, மறுபடி நிறுவும் நிலை வரக் கூடாது.

பிடிபட்டிருந்தால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடுத்த எண்ணுக்குச் சத்தமில்லாமல் நகரக் கூடாது. நிரல்களைப் பிரௌசரில் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் ஜூபிட்டர் நோட்புக் 8888 கிடைக்காவிட்டால் 8889-க்குப் போகும். ஒருவர் தனியே பயன்படுத்துவது, புதிய முகவரியை அவருக்கே திரையில் காட்டிவிடுகிறது என்பதால் அங்கே அது பொருத்தம். உங்கள் கடையில் கவுண்டர் சர்வர் 21000-இலிருந்து 21001-க்கு நகர்ந்துவிட்டால் குடோனில் இருப்பவர்கள் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருப்பார்கள். கவுண்டரில் இருப்பவருக்கோ எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றும். ‘21000 என்ற எண்ணை இன்ன மென்பொருள் பிடித்திருக்கிறது, அதை மூடுங்கள், அல்லது மூன்று கணினிகளிலும் எண்ணை மாற்றுங்கள்’ என்று தமிழிலோ இந்தியிலோ, கடையில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட்டு நிற்பதே நேர்மை. பிடித்திருப்பவர் யார் என்பதை நெட்ஸ்டாட்டுக்கு ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிடைக்கும் செயல் எண்ணைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்.

சர்வரை நிறுத்தி உடனே தொடங்கினால் லினக்ஸில் ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை அதே எண் மறுக்கப்படுவதைக் காண்பீர்கள். முந்தைய தொடர்புகளின் தாமதமான பொட்டலங்கள் புதிய தொடர்பில் கலந்துவிடாதிருக்க டிசிபி என்ற தொடர்பு நெறிமுறை கடைப்பிடிக்கும் காத்திருப்பு அது. மறுபயன்பாட்டு விருப்பத்தை, நிரல் போர்ட்டைப் பிடிக்கும் முனையான சாக்கெட்டில் இயக்கினால் லினக்ஸில் இது தீரும். இதைப் படித்துவிட்டு விண்டோஸிலும் அதையே இயக்கிவிடாதீர்கள். பெயர் ஒன்றானாலும் அங்கே பொருள் வேறு: ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் போர்ட்டையே இன்னொரு மென்பொருள் வந்து பங்கு போட அது இடம் கொடுத்துவிடும். விண்டோஸில் வேண்டியது அதற்கு நேர்மாறான தனியுரிமை விருப்பம். சி ஷார்ப் இயங்கும் தளமான டாட் நெட்டில் எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ் என்று இருக்கும்.

ஃபயர்வாலில் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும், தனியார் வலையமைப்புக்கு மட்டும் என்று நிறுவும்போதே விதி சேர்த்துவிடுங்கள். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் புதிய வலையமைப்பைப் பொது என்று கருதி விதியைப் பொருட்படுத்தாமல் விடக்கூடும். குடோன் திடீரென்று துண்டிக்கப்பட்டால் முதலில் அங்கே பாருங்கள். கவுண்டர் கணினியின் ஐபி முகவரி மாறாதிருக்க ரவுட்டரிலேயே அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள். போர்ட் நிலையாக இருந்து முகவரி மாறிக்கொண்டே இருந்தால் பயன் ஒன்றும் இல்லை.

கேள்வி: என் மென்பொருளின் சர்வர் 127.0.0.1-இல் மட்டுமே காத்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்பதால் கடவுச்சொல் எதுவும் வைக்கவில்லை. இது சரிதானே?
– ஒரு வாசகர், வாஷி

பதில்: பாதி சரி. 127.0.0.1 என்று கொடுத்ததற்கு முதலில் பாராட்டு. பலர் பழக்கத்தில் 0.0.0.0 என்று எழுதிவிடுகிறார்கள். அது கணினியின் எல்லா வலையமைப்புகளிலும் கதவைத் திறந்துவிடும். அப்போதுதான் விண்டோஸ் ஃபயர்வாலின் அனுமதிப் பெட்டியும் எழும். அது எழுந்தால், தேவைக்கு மேல் திறந்துவிட்டோமோ என்று ஒருமுறை யோசியுங்கள். முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரால் அழைப்பதையும் தவிர்ப்பது நல்லது. அந்தப் பெயர் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிக்கும் பொருந்தும்; ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் மென்பொருளின் 17-ஆம் பதிப்பு 2021-இல் வந்தபோது, 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்த பல சர்வர்களுக்கு இதனால்தான் தொடர்பு கிடைக்காமல் போயிற்று.

வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்ற மறுபாதியை நான் ஏற்கவில்லை. உங்கள் கணினியில் ஓடும் பிரௌசர் உள்ளேதான் இருக்கிறது. அது திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு வலைப்பக்கமும் 127.0.0.1-க்கு ஒரு வேண்டுகோளை அனுப்ப முயலலாம். 2019 ஜூலையில் ஜூம் மென்பொருளின் மேக் பதிப்பில் வெளிப்பட்ட குறை இந்த வகையைச் சேர்ந்தது. அது 19421 என்ற போர்ட்டில் ஒரு சிறு சர்வரை ஓட்டி வந்தது. ஏதோ ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே அந்தப் பக்கம் அந்த சர்வரிடம் பேசி, பயனரைக் கேட்காமல், கேமரா இயங்கும் நிலையில் ஒரு கூட்டத்துக்குள் சேர்த்துவிட முடிந்தது. மென்பொருளை நீக்கிய பிறகும் அந்த சர்வர் தங்கியிருந்தது. கடைசியில் ஆப்பிள் நிறுவனமே ஒரு புதுப்பிப்பை அனுப்பி அதை அகற்றியது.

உங்கள் கணினியிலும் பில்களும் வாடிக்கையாளர் பெயர்களும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இயங்குதளத்தின் பாதுகாப்பான எண் உருவாக்கியிலிருந்து 32 பைட் நீளத்துக்கு ஒரு ரகசியத்தை உண்டாக்குங்கள். பிரௌசரை நீங்களே திறக்கும்போது அதை முகவரியோடு கொடுங்கள். அது இல்லாமல் வரும் எந்த வேண்டுகோளுக்கும் சர்வர் பதில் தரக் கூடாது. எந்த முகவரியைத் தேடி வந்தது என்று சொல்லும், வேண்டுகோளின் ஹோஸ்ட் தலைப்பில் 127.0.0.1-உம் உங்கள் போர்ட் எண்ணும் அன்றி வேறு பெயர் இருந்தாலும், எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஆரிஜின் தலைப்பில் அயல்தளம் இருந்தாலும் மறுத்துவிடுங்கள். மாறும் எண் ஒரு பூட்டு என்று எண்ணிவிட வேண்டாம். அறுபதாயிரத்துச் சொச்சம் எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க ஒரு நிரலுக்கு அதிக நேரம் ஆகாது.

பிரௌசரே தேவையில்லாமல், உங்களுடைய இரண்டு மென்பொருள்கள் ஒரே கணினிக்குள் பேசிக்கொள்வது மட்டுமே நோக்கம் என்றால் போர்ட்டே வேண்டாம். விண்டோஸில் பெயரிட்ட குழாய் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் யுனிக்ஸ் சாக்கெட் இருக்கிறது, 2018 முதல் விண்டோஸ் 10-லும் இருக்கிறது. இவற்றுக்கு எண் இல்லை, எனவே மோதல் இல்லை. வலைப்பக்கங்களால் இவற்றை அணுகவும் முடியாது. எந்தப் பயனர் திறக்கலாம் என்று கோப்புக்கு விதிப்பதுபோல அனுமதியும் விதிக்கலாம்.

கேள்வி: நான் எழுதும் மென்பொருளுக்கென்று ஒரு போர்ட் எண்ணை என் பெயரிலேயே வாங்க முடியுமா?
– ஒரு மாணவர், மாட்டுங்கா

பதில்: முடியும். எண்களின் பதிவேட்டை வைத்திருப்பது அயானா. அதனிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வழக்கம் பழையது. 1972-லேயே எண்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வேண்டும் என்று இணைய முன்னோடி ஜான் போஸ்டல் முன்மொழிந்தார். பின்னர் நெடுங்காலம் அவரும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் அதைப் பேணி வந்தார்கள். 1995-இல் பின்லாந்தின் தாத்து யுலோனென், தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். மென்பொருளை எழுதி முடித்தபோது, எஃப்.டி.பி.யின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே 22 காலியாக இருப்பதைக் கண்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். மறுநாளே அந்த எண் அவருக்குக் கிடைத்தது. இன்று விண்ணப்பத்தை வல்லுநர்கள் ஆராய்கிறார்கள். ஒரு மென்பொருளுக்கு ஓர் எண்ணுக்கு மேல் தரத் தயங்குவார்கள். ஏற்கெனவே உள்ள ஒன்றால் வேலை நடக்கும் என்றால் அந்த ஒன்றையும் தரமாட்டார்கள். பதிவு கிடைத்தாலும் வேறொருவர் அந்த எண்ணைத் திறப்பதை எந்தக் கணினியும் தடுக்காது.

வெவ்வேறு நிறுவனங்கள் எழுதும் மென்பொருள்கள் உங்களுடைய நெறிமுறையில் பேசும் நிலை வரும்போது விண்ணப்பியுங்கள். நீங்கள் எழுதுவது உங்கள் விடுதி நூலகத்துக்கான ஒரே கணினி மென்பொருள் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு 0 போதும்.